ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவதற்கு முன் எனக்கு யாரும் சொல்லாதவை

நான் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று நீரியல் சார்ந்த நல்ல ஆய்விதழ் ஒன்றில் அண்மையில் வெளிவந்தது. அதை வெளியிடுவதற்கு நான் ஒரு ரூபாய்கூடச் செலுத்தவில்லை. ஆனால் அதே ஆய்வின் முதல் வடிவம் அதற்கு முன்பே ஒரு போலி இதழின் பிடியில் சிக்கியிருந்தது. அதில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் பணமும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக் காலமும் போயின. பல இரவுகள் உறக்கமும் போனது. பெங்களூரில் தனியார் கல்லூரிகளில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் தமிழர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலோர், ஒரு கட்டுரை எப்படி இதழுக்குப் போகிறது, அங்கே அதற்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்லித்தர ஆளில்லாமல் தனியாகவே தட்டுத் தடுமாறி வருகிறார்கள். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. வைட்ஃபீல்டை அடுத்த பொறியியல் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். பெங்களூரின் கழிவுநீரில் ஒரு பகுதி கோரமங்கலா - சல்லகட்டா பள்ளத்தாக்குச் சுத்திகரிப்பு நிலையங்களில் தூய்மையாக்கப்பட்டு, 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குக் குழாய் வழியே அனுப்பப்பட்டு வருகிறது. அந்த ஏரிகளைச் சுற்றியுள்ள கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் நீரின் வேதித்தன்மை எப்படி மாறுகிறது என்பதே என் ஆய்வு. மழைக்கு முன்பும் மழைக்குப் பின்பும், விடுமுறை நாள்களில் பங்காருபேட்டை வழியாக ஐஸ் பெட்டியைச் சுமந்து சென்று நீர் மாதிரிகளைச் சேகரித்தேன். உலோகங்களை அளக்கும் சோதனைக்கு மாதிரி ஒன்றுக்கு இவ்வளவு என்று சொந்தச் சம்பளத்திலிருந்தே கட்டணம் கட்டினேன். அப்படிச் சேர்த்த தரவுகள் ஒரு போலி இதழில் முடங்கியபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை ஆய்வு செய்தவர்கள் அறிவார்கள்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் விதிப்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், ஆய்விதழ்களைத் தேர்ந்து பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் இடம்பெற்ற இதழ்களில் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளில் கட்டுரை வெளியீட்டைக் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியாக அதை வைத்திருக்கின்றன. மானியக் குழு 2019 முதல் நடத்திவந்த கேர் என்ற தரமான இதழ்களின் பட்டியலும் கைவிடப்பட்டுவிட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. நல்ல இதழ் எது என்று முடிவு செய்யும் பொறுப்பு அந்தந்தக் கல்வி நிறுவனத்தின் தலையில் வந்தது. ஆகவே உங்களுக்கு முன் பட்டம் பெற்றவர் சொன்ன விதி இன்று உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்கு எந்த விதி, எந்தத் தரவுத்தளம் ஏற்கப்படும், கட்டுரை ஏற்கப்பட்ட கடிதம் போதுமா அல்லது அச்சில் வந்திருக்க வேண்டுமா என்ற மூன்றையும் பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழிப் பதில் பின்னால் எதற்கும் உதவாது.

எங்கள் துறையில் பலரும் சென்ற வழி மாநாட்டு வழி. நகரத்து விடுதி ஒன்றில் பன்னாட்டு மாநாடு நடக்கும். பதிவுக் கட்டணம் கட்டிக் கட்டுரை வாசித்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட கட்டுரைகள் ஸ்கோபஸ் இதழில் வெளிவரும் என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டிருப்பார்கள். துறையில் மூத்தவர்கள் பரிந்துரைத்தார்கள், கல்லூரியும் அனுமதி தந்தது. பதிவுக் கட்டணம் கட்டினேன், சில நிமிடங்கள் பேசினேன், சான்றிதழ் தந்தார்கள். பிறகு, என் கட்டுரை ஓர் இதழுக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ளதாகவும் வெளியீட்டுக் கட்டணம் தனியே கட்ட வேண்டும் என்றும் மின்னஞ்சல் வந்தது. இதழின் பெயரை ஸ்கோபஸ் பட்டியலில் தேடிப் பார்த்தேன், இருந்தது. இதழ்களுக்கு வழங்கப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் எண்ணும் பொருந்தியது. பணம் கட்டினேன். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கட்டுரை ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. கட்டுரையைப் படித்துச் சோதிக்கும் துறை வல்லுநரான மதிப்பாய்வாளரின் கருத்து என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் அப்போது எனக்கு இருந்த மகிழ்ச்சியில் அது தோன்றவில்லை. ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து அப்பாவிடம் சொன்னேன்.

பல மாதங்கள் கழித்து ஆய்வுப் பிரிவில் ஆவணங்களைக் கொடுத்தபோது, இந்தக் கட்டுரை ஸ்கோபஸில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் கல்லூரி நூலகர் தருமபுரிக்காரர். அவர்தான் பொறுமையாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, “மேடம், இதழ் பெயரும் எண்ணும் நிஜம்தான், ஆனா நீங்க கட்டுரை அனுப்பின தளம் அவங்களோடது இல்லை” என்றார். உண்மையான இதழ் வெளிநாட்டுக் கல்விச் சங்கம் ஒன்று நடத்துவது. பெரும்பாலும் அச்சில் வருவது, இணையத்தில் அதிகம் தெரியாதது. அதன் பெயரையும் எண்ணையும் பதிப்பாசிரியர் குழுவின் பெயர்களையும் அப்படியே எடுத்துக்கொண்டு வேறு யாரோ ஒரு தளம் நடத்திப் பணம் பறித்திருக்கிறார்கள். உண்மையான இதழின் ஆசிரியருக்கு எழுதினேன். எங்கள் பெயரில் நடக்கும் இந்த மோசடியைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள், உங்கள் கட்டுரை எங்களிடம் வரவே இல்லை என்று பதில் எழுதினார். அன்று வகுப்பு எடுக்க முடியவில்லை. கோபத்தைவிட, இதை வீட்டிலும் துறையிலும் எப்படிச் சொல்வது என்ற கூச்சம்தான் அதிகமாக இருந்தது. அந்தக் கூச்சத்தால்தான் இந்த மோசடி ஆண்டுக்கணக்கில் வெளியே பேசப்படாமல் நடக்கிறது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

இதைக் கடத்தப்பட்ட இதழ் என்று சொல்கிறார்கள். தரமில்லாமல் பணத்துக்கு வெளியிடும் வேட்டை இதழ்களிலிருந்து இது வேறுபட்டது. அங்கே இதழே மோசம், இங்கே நல்ல இதழின் பெயர் திருடப்படுகிறது. ஆகவே பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதவே போதாது. பாரிஸில் இயங்கும் பன்னாட்டு ஐஎஸ்எஸ்என் மையத்தின் தளத்தில் எட்டு இலக்க எண்ணை இட்டால் பதிப்பாளர் யார், எந்த நாடு என்பது இலவசமாகத் தெரியும். பல இதழ்களுக்கு இணைய முகவரியும் இருக்கும். அது நீங்கள் கட்டுரை அனுப்பும் தளத்தோடு பொருந்த வேண்டும். அந்த எண் இருப்பதனாலேயே இதழ் தரமானது என்று ஆகிவிடாது. அது வெறும் அடையாள எண். ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலைச் சந்தா இல்லாமலே யாரும் பார்க்கலாம். அதில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று போட்டிருப்பதைக் கட்டாயம் பாருங்கள், ஏனெனில் இடையில் நீக்கப்பட்ட இதழ்களின் பெயரும் அங்கே இருக்கும். ஸ்கோபஸ் போன்ற இன்னொரு தரவுத்தளத்தை நடத்தும் கிளாரிவேட் நிறுவனத்தின் முதன்மை இதழ்ப் பட்டியலும் இலவசம்தான். அதன் பிறகு, நீங்கள் பார்க்கும் தளத்தில் சென்ற ஆண்டு வெளியானதாகக் காட்டப்படும் கட்டுரைகள் சிலவற்றின் தலைப்பை எடுத்துத் தரவுத்தளத்தில் தேடுங்கள். அவை அங்கே இல்லையென்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டுரையின் நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண்ணைச் சொடுக்கினால் அது அந்தக் கட்டுரைக்கே போகிறதா என்றும் பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கும் அமைப்பு 2022 முதல் கடத்தப்பட்ட இதழ்களின் பட்டியல் ஒன்றைப் பராமரித்து வருகிறது. அதையும் ஒருமுறை தேடிவிட வேண்டும். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் தாக்கக் காரணி என்பது கிளாரிவேட் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் மட்டுமே வருவது. வேறு பெயர்களில் அச்சிடப்படும் ‘உலகத் தாக்கக் காரணி’ போன்றவற்றுக்கு எந்த மதிப்பும் இல்லை. நீரியலுக்கும் நிர்வாகவியலுக்கும் கன்னட இலக்கியத்துக்கும் ஒரே இதழில் இடமிருந்தால், அதுவே போதுமான எச்சரிக்கை.

கட்டுரையைத் திரும்பப் பெற முயன்றதுதான் எல்லாவற்றிலும் கொடுமையாக இருந்தது. நீக்கச் சொல்லி எழுதினேன். நீக்குவதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். அதை மட்டும் நான் கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள், ஏனெனில் பணம் கொடுத்த பிறகும் நீக்காமல் மேலும் கேட்டதாக இன்னொரு கல்லூரி ஆசிரியை என்னிடம் சொன்னார். பதிப்புரிமைப் படிவத்தில் நான் கையெழுத்திட்டிருக்கவில்லை என்பது பின்னால் பெரிதும் உதவியது. ‘இந்தக் கட்டுரையை வெளியிட உங்களுக்கு நான் உரிமை தரவில்லை, நீக்குமாறு கோருகிறேன்’ என்று தேதியிட்டு மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலை என் ஆய்வு நெறியாளருக்கும் உண்மையான இதழின் ஆசிரியருக்கும் அனுப்பினேன். தளத்தின் பக்கங்களையும் பணம் கட்டிய ரசீதுகளையும் படமெடுத்துச் சேமித்தேன். பண மோசடிக்கு 1930 என்ற தேசிய உதவி எண்ணும், சைபர் குற்றங்களைப் பதிவு செய்யும் அரசுத் தளமும் இருக்கின்றன. பணம் போன உடனே அழைத்தால் அது வங்கிகளுக்குள் முடக்கப்படுவதற்கு வாய்ப்பு உண்டு. எனக்குச் செய்தி தெரியவே மாதங்கள் ஆகியிருந்ததால் புகார் பதிவானதே தவிர, பணம் திரும்பவில்லை. ஆனாலும் அந்தப் புகார் எண் பின்னர் வேறொரு விதத்தில் பயன்பட்டது.

ஏற்கெனவே ஓரிடத்தில் வெளியான கட்டுரையை வேறு இதழ் ஏற்காது என்பது அடிப்படை விதி. போலித் தளத்தில் வந்ததும் ‘வெளியானது’ ஆகுமா என்ற கேள்விதான் என்னை வாட்டியது. மறைத்துவிட்டு அனுப்புங்கள், யாருக்குத் தெரியும் என்று சிலர் சொன்னார்கள். கட்டுரை ஒப்பீட்டு மென்பொருள் அந்தத் தளத்தைப் பிடித்துவிட்டால், கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டு என் மீதே வரும். எனவே அனுப்ப நினைத்த இதழின் ஆசிரியருக்கு முன்கூட்டியே எழுதினேன். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, புகார் எண்ணையும் நீக்கக் கோரிய மின்னஞ்சலையும் உண்மையான இதழ் ஆசிரியரின் பதிலையும் இணைத்தேன். முகப்புக் கடிதத்தில் இதைத் தெளிவாகக் குறிப்பிட்டு அனுப்புங்கள், வழக்கமான முறையில் பரிசீலிக்கிறோம் என்று இரண்டே வரியில் பதில் வந்தது. எல்லா இதழ்களும் இப்படி ஏற்கும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் மறைப்பதைவிடக் கேட்பதே நல்லது.

இனி ஒழுங்கான வழியைச் சொல்கிறேன். எந்த இதழுக்கு அனுப்புவது என்பதைக் கட்டுரை எழுதி முடித்த பிறகு யோசிக்கக் கூடாது. எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். என் மேற்கோள் பட்டியலையே எடுத்து, நான் அதிகமாகப் படித்தவை எந்தெந்த இதழ்களில் வந்தவை என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றின் நோக்கமும் எல்லையும் என்ற பகுதியையும், அண்மைக் கட்டுரைகளின் தலைப்புகளையும் சுருக்கங்களையும் படித்தபோது ஒன்று தெரிந்தது. ஓர் இதழ் புதிய முறைகளைத் தேடுகிறது; மற்றொன்று வட்டாரக் கள ஆய்வையும் ஏற்கிறது, ஆனால் அந்த வட்டாரத்துக்கு வெளியே உள்ளவருக்கு அதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்கிறது. அந்தக் கேள்வியை வைத்தே என் முன்னுரையை முழுவதும் மாற்றி எழுதினேன். கோலாரில் இத்தனை கிணறுகளில் இவ்வளவு நைட்ரேட் என்று தொடங்கிய கட்டுரை, சுத்திகரித்த கழிவுநீரை ஏரிகளில் நிரப்பி நிலத்தடி நீரைப் பெருக்கும்போது பாறைப் பிளவுகள் நிறைந்த நிலத்தில் என்ன நேர்கிறது என்ற கேள்வியோடு தொடங்கியது. தரவு ஒன்றுதான், ஆனால் கட்டுரை வேறாகிவிட்டது.

பணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நம்மில் பலர் பணம் கட்டாமல் கட்டுரை வராது என்றே நம்பிக்கொண்டிருக்கிறோம். சந்தா முறையில் இயங்கும் மதிப்புள்ள இதழ்கள் பலவற்றில் கட்டுரை எழுதியவர் எந்தக் கட்டணமும் செலுத்த வேண்டியதில்லை. யாரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்த அணுகல் முறையில் வெளியிட்டால்தான் கட்டணம், அது பெரிய பதிப்பகங்களில் இரண்டாயிரம் டாலரைத் தாண்டுவதும் சாதாரணம். இரண்டு முறையும் உள்ள கலப்பு இதழ்களில், கட்டுரை ஏற்கப்பட்ட பின் வரும் படிவத்தில் சந்தா முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும். அந்தப் படிவத்தில் திறந்த அணுகலுக்கான தெரிவு முதலில் கண்ணில் படும்படி இருக்கும். அவசரப்படாமல் கீழே வரை படிக்க வேண்டும். கட்டணம் வாங்காத திறந்த அணுகல் இதழ்களும் உண்டு. டிஓஏஜே என்ற திறந்த அணுகல் இதழ்ப் பட்டியலில் கட்டணம் இல்லாதவற்றை மட்டும் பிரித்துத் தேடலாம். சி.வி. ராமன் 1934இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமி இதே பெங்களூரில் சதாசிவநகரில் இருக்கிறது. அது வெளியிடும் இதழ்களை எங்கள் துறையில் எவரும் எனக்குச் சொன்னதில்லை. படிப்பதற்கும் ஒரு தடை உண்டு. சந்தா இதழ்களைப் படிக்க வழிசெய்யும் மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியபோது அது அரசு நிறுவனங்களுக்கே கிடைத்தது, எங்களைப் போன்ற தனியார் கல்லூரிகளுக்கு இல்லை. தேவையான கட்டுரை கிடைக்காதபோது அதை எழுதியவருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன். பெரும்பாலும் ஓரிரு நாளில் அனுப்பிவிடுகிறார்கள்.

எழுதும்போது முறைகளையும் முடிவுகளையும் முதலில் எழுதி, படங்களை முடித்து, முன்னுரையையும் சுருக்கத்தையும் கடைசியில் எழுதினேன். மேற்கோள்களுக்கு ஜோட்டேரோ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். இதழ் மாறினால் மேற்கோள் நடையை ஒரு சொடுக்கில் மாற்றிவிடலாம், கையால் மாற்றினால் ஒரு வாரம் போகும். நம் எழுத்து மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்ற ஒப்புமை அளவுக்கு மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் பத்து விழுக்காடு வரை அபராதம் இல்லை என்கின்றன. அதற்காக வாக்கியங்களை வேற்றுச் சொல் போட்டுக் குலைத்துவிடாதீர்கள். அடுத்தவர் கருத்தைப் புரிந்துகொண்டு மூடி வைத்துவிட்டுச் சொந்தமாக எழுதினால் அந்த எண் தானாகவே குறையும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஆங்கிலத்தைச் சீராக்கப் பயன்படுத்தினால், எங்கே எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று குறிப்பிடும்படி இன்று பல பதிப்பகங்கள் கேட்கின்றன. அந்தக் கருவியை ஆசிரியராகப் போட முடியாது. அது கொடுக்கும் மேற்கோள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் சேர்க்கவும் கூடாது.

கட்டுரையாசிரியர் பெயர்கள் விஷயத்தில் எனக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. ஆய்வில் எந்தப் பங்கும் இல்லாத நிர்வாகி ஒருவர், தம் பெயரையும் சேர்க்குமாறு கேட்டார். வேலை தருபவரிடம் முடியாது என்று சொல்வது எளிதல்ல. இதழின் விதிப் பக்கத்தை அச்செடுத்து அவரிடம் காட்டினேன். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளை அந்த இதழும் பின்பற்றியது: ஆய்வின் கருத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பு. நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று தனித்தனியே அறிவிக்க வேண்டும் என்றதும் அவர் நன்றியுரையில் பெயர் வந்தால் போதும் என்று விட்டுவிட்டார். விதியைக் காட்டிப் பேசும்போது தனிப்பட்ட மனக்கசப்பு குறைகிறது. பெயர் வரிசையையும் எழுதத் தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் எல்லோரிடமும் உறுதி செய்துவிடுங்கள்.

நம் பெயர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. சமர்ப்பிக்கும் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம். நமக்கு இருப்பது தந்தை பெயரின் முதலெழுத்து. ஒரு கட்டுரையில் முதலெழுத்தைக் குடும்பப் பெயராகவும், இன்னொன்றில் தந்தையின் முழுப் பெயரையும் போட்டால், தரவுத்தளம் உங்களை இரண்டு ஆளாகப் பிரித்துவிடும். திருமணத்துக்குப் பின் முதலெழுத்தை மாற்றிக்கொண்ட பெண்களுக்கு இது மேலும் சிக்கல். என்னை ஒரே நபராகக் காட்ட ஆய்வேடு, கல்லூரி ஆவணம், கட்டுரை மூன்றிலும் ஒரே வடிவத்தை வைத்து, ஆய்வாளர்களுக்கான 16 இலக்க ஆர்கிட் அடையாள எண்ணைப் பெற்று எல்லா இடங்களிலும் இணைத்தேன். அது இலவசம், பதிவு செய்யச் சில நிமிடம் போதும்.

சமர்ப்பிக்கும் நாளில் தளம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருக்கும்: முகப்புக் கடிதம், ஆசிரியர் விவரம் தனிக் கோப்பாக, பெயர் நீக்கிய கட்டுரை, படங்கள் தனித்தனியே, தரவு எங்கே கிடைக்கும் என்ற குறிப்பு, நிதி, நலன் முரண்பாடு. இரு பக்கமும் பெயர் மறைத்த மதிப்பாய்வு என்றால், கோப்பின் பண்புகளில் ஒட்டியிருக்கும் பெயரையும் நீக்க வேண்டும். மதிப்பாய்வாளர்களின் பெயரைப் பரிந்துரைக்கச் சொன்னால், உங்கள் மேற்கோளில் உள்ளவர்களில் உங்களோடும் நெறியாளரோடும் சேர்ந்து எழுதாதவர்களை, அவர்களுடைய நிறுவன மின்னஞ்சலோடு கொடுங்கள். இவற்றை எல்லாம் முந்திய வாரமே தயாராக வைத்துக்கொண்டால், நள்ளிரவில் உட்கார்ந்து அழ வேண்டியிருக்காது.

முதலில் அனுப்பிய இதழ் மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் ஒரு வாரத்துக்குள் மறுத்துவிட்டது. மனம் உடைந்தது உண்மை. ஆனால் மாதக்கணக்கில் வைத்திருந்து மறுப்பதைவிட இது எவ்வளவோ மேல். கட்டுரை உடனே விடுதலையாகிவிடுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது என்பதால் இந்த விரைவுக்குப் பெரிய மதிப்பு உண்டு. மறுப்புக் கடிதத்திலேயே, அதே பதிப்பகத்தின் வேறொரு இதழுக்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்டிருந்தார்கள். அந்த வேறொரு இதழ் முழுக்கவும் கட்டணம் வாங்கும் இதழ் என்பதைப் பார்த்தபின் வேண்டாம் என்றேன்.

அடுத்த இதழில் கட்டுரை நெடுநாள் ‘மதிப்பாய்வில்’ என்றே நின்றது. ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது ஒரு நோயாகவே ஆனது. மூன்று மாதம் கடந்த பின், கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டு இதழாசிரியருக்கு மரியாதையாக நான்கு வரி எழுதினேன். மதிப்பாய்வாளர் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. இப்படிக் கேட்பதில் தவறே இல்லை. இந்த இடைவெளியை அடுத்த கட்டுரைக்குப் பயன்படுத்துவது மனத்துக்கும் நல்லது.

ஒருவழியாக முடிவு வந்தது: பெரிய திருத்தம் வேண்டும். மதிப்பாய்வாளர்களின் கருத்துகள் பல பக்கம் இருந்தன. முதல் வாசிப்பில் எல்லாமே அவமானமாகத் தெரியும். இரண்டு நாள் மூடி வைத்துவிட்டுத் திரும்பப் படித்தால் அவற்றில் பெரும்பகுதி நியாயமாகத் தெரியும். அளவிடும் எல்லைக்குக் கீழே வந்த மதிப்புகளை எப்படிக் கையாண்டீர்கள் என்று ஒருவர் கேட்டார். நேர் அயனிகளுக்கும் எதிர் அயனிகளுக்கும் உள்ள சமநிலைப் பிழை ஒவ்வொரு மாதிரிக்கும் ஐந்து விழுக்காட்டுக்குள் இருக்கிறதா, அட்டவணையில் காட்டுங்கள் என்றார். பருவங்களை ஒப்பிடத் தரவின் பரவல் சீராக இல்லாதபோது, சராசரிகளை ஒப்பிடும் டி சோதனை பொருந்துமா என்றார். அத்தகைய தரவுக்கும் பொருந்தும் வில்காக்சன் சோதனையை வைத்து மீண்டும் கணக்கிட்டேன். நைட்ரேட் பற்றிய முடிவு நிலைத்தது, துத்தநாகம் பற்றிய முடிவு நிற்கவில்லை, அதை நீக்கினேன். முகம் தெரியாத ஒருவர் ஊதியமின்றி என் அட்டவணைகளை வரி வரியாகப் படித்துத் திருத்தியிருக்கிறார் என்று உணர்ந்தபோது, பணம் வாங்கிக்கொண்டு ஒரு வரிகூடப் படிக்காதவர்கள் என்னிடமிருந்து எதைப் பறித்தார்கள் என்பது தெளிவாகப் புரிந்தது.

பதில் கடிதத்தைக் கட்டுரையைப் போலவே கவனத்தோடு எழுத வேண்டும். ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்துப் போட்டு, அதன் கீழே என்ன செய்தீர்கள், எந்தப் பக்கம் எந்த வரி என்று எழுதுங்கள். உடன்படாத இடத்தில் தரவைக் காட்டி மறுக்கலாம். ஏரி நீரில் மருந்து எச்சங்களையும் அளக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு, அது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே என்று சொல்லி, அதை ஆய்வின் வரம்பாகக் கட்டுரையிலேயே எழுதினேன். அது ஏற்கப்பட்டது. ஒரு மதிப்பாய்வாளர் ஒரே ஆசிரியரின் பல கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொன்னார். பொருத்தமான ஒன்றை மட்டும் சேர்த்து, மற்றவை ஏன் பொருந்தவில்லை என்பதை இதழாசிரியருக்குத் தனியாக எழுதினேன். அதனால் எந்தத் தீங்கும் வரவில்லை.

இரண்டாம் சுற்றுச் சிறு திருத்தங்களுக்குப் பின் கட்டுரை ஏற்கப்பட்டது. வெளியிடுவதற்கு முன் வரும் அச்சுப்படியைப் பார்த்துத் திருப்பி அனுப்ப இரண்டு நாளே தருவார்கள். நான் ஓர் அட்டவணையில் லிட்டருக்கு மில்லிகிராம் என்பது மைக்ரோகிராமாக மாறியிருந்ததை அங்கேதான் பிடித்தேன். இந்தியத் தரநிலை 10500இன்படி குடிநீரில் ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்றிருக்க, அலகு மாறினால் கட்டுரையே தலைகீழாகிவிடும். எனவே எண்களையும் அலகுகளையும் பெயர்களையும், முடிந்தால் இன்னொருவரை உரக்க வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு ஏற்புக் கடிதம், டிஓஐ எண், ஸ்கோபஸ் பக்கத்தின் அச்சுப்படி ஆகியவற்றோடு, போலித் தளத்தில் இன்னமும் கிடக்கும் பழைய வடிவத்தைப் பற்றிய ஒரு பக்க விளக்கத்தையும் புகார் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தேன். ஆய்வேட்டைத் தேர்வுக்கு அனுப்பும்போது ஒப்புமைச் சோதனையில் அந்தப் பழைய பக்கம் வந்தே தீரும். அப்போது விளக்கம் ஏற்கெனவே கோப்பில் இருக்க வேண்டும் என்று நூலகர்தான் சொன்னார். ஆய்வுப் பிரிவில் அதை வாங்கி முத்திரையிட்டு நகல் தந்தார்கள். இதே நிலையில் இருப்பவர்கள் அந்த முத்திரையிட்ட நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.